நடுவில் நிற்க ஓர் இடம் கொடுங்கள்: வடசென்னைச் சாலைகளை வரையும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் சாலையில் இப்போது ஒரு கோடும் இல்லை. மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தை மூடி, ஜல்லி கொட்டிச் சமன்செய்து, புதிய தாருக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். தார் போட்ட சில நாட்களில் கோடு போடும் வண்டி வரும். வெள்ளைப் பூச்சு சுடச்சுட விழும். அதன்பிறகு அடுத்த தார் போடும்வரை அந்தக் கோடு சொல்வதுதான் சாலை. அந்த வண்டி வருவதற்குள் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் வடசென்னையில் பஸ் ஓட்டியவன். பாரிமுனையில் எடுத்தால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, தேரடி என்று ஒரு வழி. வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, மூலக்கடை, மாதவரம் என்று இன்னொரு வழி. எந்தத் தெருமுனையில் பள்ளிப் பிள்ளைகள் ஓடிவருவார்கள், எந்த டீக்கடை வாசலில் ஷேர் ஆட்டோ சொல்லாமல் நிற்கும் என்பதெல்லாம் என் கால்களுக்கே தெரியும். ஓய்வுபெற்ற பிறகு கொடுங்கையூரில் இருக்கிறேன். இப்போது நான் ஒரு பாதசாரி. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்த சாலையை இப்போது ஓரத்தில் நின்று பார்க்கிறேன். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே ஆபத்துதான் தெரிகிறது: வலது பக்கம் திரும்ப வேண்டியவனுக்கும், சாலையைக் கடக்க வேண்டியவனுக்கும் நடுவில் நிற்க இடம் இல்லை.

நடுவில் தடுப்பு இல்லாத நான்குதடச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். போக இரண்டு, வர இரண்டு. ஒரு ஆட்டோ வலப்பக்கச் சந்துக்குள் திரும்ப வேண்டும். எதிரே வண்டிகள் வந்தபடி இருக்கின்றன. ஆட்டோ எங்கே நிற்கும்? உள்தடத்தில், வேகமாகப் போக வேண்டியவர்களுக்கென்று நாம் நினைத்திருக்கும் அதே தடத்தில், நட்டநடுச் சாலையில் நிற்கும். பின்னால் வருகிறவனுக்கு இரண்டே வழி. சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டும்; அவன் பிடித்தாலும் அவனுக்குப் பின்னால் வருகிறவன் பிடிக்க வேண்டுமே. இல்லாவிட்டால் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். இடது பக்கத்தில் ஒரு இரு சக்கர வாகனம் இருக்கும். நம் ஊரில் எப்போதும் இருக்கும்.

ஆட்டோக்காரருக்கு வேறொரு கண்டம். எதிரே வரும் பஸ் ஓட்டுநர் நல்ல மனதோடு நிறுத்தி, போ என்று கை காட்டுகிறார். ஆட்டோ திரும்புகிறது. அந்த பஸ்ஸுக்கு மறுபுறம், வெளித்தடத்தில் வரும் மோட்டார் சைக்கிளை ஆட்டோக்காரர் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரனும் ஆட்டோவைப் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே பஸ் ஒரு சுவராக நிற்கிறது.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. அந்தச் சுவரை ஓட்டியவன் நான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளை. காசிமேட்டு மீன் கூடையோடு ஒரு அம்மா எதிர்ப்புறத்திலிருந்து பாதிச் சாலையைக் கடந்துவிட்டார். நடுக்கோட்டின்மேல் நிற்கிறார். அவர் முதுகை உரசிக்கொண்டு வண்டிகள் போகின்றன. முகத்துக்கு முன்னாலும் போகின்றன. தலையில் கூடை, ஒரு கை கூடையில், மறு கையால் சேலையை இழுத்துப் பிடித்திருக்கிறார். நான் உள்தடத்தில் வந்துகொண்டிருந்தேன். நிறுத்தினேன். கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு என் பஸ்ஸின் முன்னால் நடந்தார். பஸ்ஸின் இடது மூலையைத் தாண்டி ஓரடி வைத்தபோது, வெளித்தடத்தில் வந்த மோட்டார் சைக்கிள் அவர் மேல் மோதியது. மீன் எல்லாம் சாலையில் கிடந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். இடுப்பெலும்பு முறிந்தது. மீண்டும் நடந்தார், கூடை தூக்கவில்லை. வண்டியில் வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது; நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவன் தன் தடத்தில்தான் வந்தான். ஒரு பஸ் நிற்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. அந்த அம்மா என் கையை நம்பினார். நான் நிறுத்தாமல் போயிருந்தால் அவர் இன்னும் சற்று நேரம் கோட்டின்மேல் நின்றிருப்பார், வேறு யாராவது நிறுத்தியிருப்பார்கள், இதே கதை வேறொரு பஸ்ஸின் முன்னால் நடந்திருக்கும். இதை எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறேன். எங்கள் மூவரில் யாரைத் திருத்தினால் அது நடந்திருக்காது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சாலையைத் திருத்தியிருந்தால் நடந்திருக்காது என்பதை மட்டும் இன்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த ஆபத்துக்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே வண்டிகள் வலப்புறம் ஓடுகின்றன. அதனால் அவர்களுடைய இடது திருப்பம்தான் நம்முடைய வலது திருப்பம். எதிரே வரும் ஓட்டத்தை வெட்டிக்கொண்டு போகும் திருப்பம். நான்கு தடம் இருந்த சாலையை மூன்றாகக் குறைத்தார்கள். போக ஒன்று, வர ஒன்று, நடுவில் இரு திசையினரும் திரும்புவதற்காக மட்டும் நுழைந்து காத்திருக்க ஒன்று. மோன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊரில் 1979-இல் ஒரு தெருவை இப்படி மாற்றியது ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று. அங்கே விபத்துகள் குறைந்தன. தாமதம் சொல்லும்படி கூடவில்லை. பிறகு பல மாநிலங்களில் செய்து, முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். மொத்த விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைந்ததாக அந்நாட்டு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. 47 என்ற எண் ஐயோவா மாநிலத்துச் சிற்றூர்ச் சாலைகளில் கிடைத்தது. 19 என்பது கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் பெருநகரங்களை ஒட்டிய சாலைகளில் கிடைத்தது. நாம் இரண்டாவதற்குத்தான் நெருக்கமானவர்கள். ஆகவே உங்கள் கோப்பில் 47 என்று எழுத வேண்டாம். 19 என்றே எழுதுங்கள். ஐந்தில் ஒரு விபத்து நடக்காமல் போனால்கூட எங்கள் பகுதியில் அது எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் குறைந்தது என்பதை ஓட்டுநராக நான் சொல்கிறேன். திரும்ப வேண்டியவன் ஓடும் தடத்தைவிட்டு விலகிவிடுகிறான். ஆகவே அவன் முதுகில் யாரும் மோதுவதில்லை. அவன் எதிரே பார்க்க வேண்டியது ஒரே தடம். பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு தடம் ஒளிந்திருப்பதில்லை. ஒரு திசைக்கு ஒரே தடம் என்றால், முன்னால் போகிறவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். நிதானமாகப் போகிறவர் சாலைக்கே நிதானத்தைக் கொடுக்கிறார். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகத்தைச் சற்றே இறக்கினாலும் பலன் அதே போலப் பெருகும்.

இங்கே ஒரு விஷயத்தில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நடுத்தடம் என்றவுடன், இருக்கிற நான்கோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்று யாராவது வரைபடம் கொண்டுவருவார்கள். அதற்காகச் சாலையை அகலப்படுத்துவார்கள். வடசென்னையில் அகலம் எங்கிருந்து வரும்? நடைபாதையிலிருந்து வரும். மரத்தடியில் இட்லி விற்கும் அக்காவின் இடத்திலிருந்து வரும். கடக்க வேண்டிய முதியவர் நான்கு தடத்துக்குப் பதிலாக ஐந்து தடம் நடக்க வேண்டும். திரும்பும் வண்டிகளுக்கு அது நல்லதாக இருக்கலாம், நடப்பவருக்குச் சாவு. நான் கேட்பது சேர்ப்பதை அல்ல, பங்கிடுவதை. தடத்துக்கு மூன்றரை மீட்டர் என்று நான்கு தடம் இருந்தால் 14 மீட்டர். அதில் பஸ் போகும் தடங்கள் இரண்டுக்கும் மூன்றரை மீட்டர் வீதம் 7 மீட்டர், நடுத்தடத்துக்கு 3 மீட்டர். மீதி 4 மீட்டர் கையில் நிற்கிறது. அதைப் பக்கத்துக்கு 2 மீட்டராக நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் கொடுங்கள். சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அந்தக் கொள்கைக்கு எங்கள் பக்கத்தில் இடம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. இடம் அந்த 14 மீட்டருக்குள்ளேயே இருக்கிறது.

‘நான்கை மூன்றாக்கினால் நெரிசல் வராதா?’ என் நண்பர்கள், அதாவது என்னோடு ஓட்டியவர்களே, இதைத்தான் முதலில் கேட்டார்கள். நாள் ஒன்றுக்கு 20,000 வண்டிகளுக்குள் போகும் சாலைகள் இதற்கு ஏற்றவை என்று அமெரிக்காவில் ஒரு வரம்பு சொல்கிறார்கள். அது பெரும்பாலும் கார்களை வைத்துப் போட்ட கணக்கு. நம் சாலையில் பாதிக்கு மேல் இரு சக்கர வாகனங்கள். ஆகவே அந்த எண்ணை அப்படியே எடுக்காமல் எங்கள் சாலையில் நின்று எண்ணுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரும்புகிறவர்கள் உள்தடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சாலை ஏற்கெனவே இரண்டு தடச் சாலைதான். நான்கு தடம் என்பது காகிதத்தில் இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு நான் உள்தடத்தில் முழு தூரமும் தடையில்லாமல் ஓட்டிய நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. பெரும்பாலும் சிக்னலில்தான் நேரம் போகிறது. நடுவழியில் கூடுதலாக ஒரு தடம் இருப்பதால் சிக்னலுக்குச் சீக்கிரம் போய் அங்கே நிற்கிறோம், அவ்வளவுதான்.

இனி, அமெரிக்கப் புத்தகத்தில் இல்லாத பகுதிக்கு வருகிறேன்.

நம் ஊரில் நடுத்தடத்தை வெறும் கோடாக மட்டும் வரைந்தால் அது முந்திச் செல்லும் தடமாகிவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் அதற்குள் பாயும். நேருக்கு நேர் மோதும். எங்கள் பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. காலியாக ஒரு தடம் கண்முன் கிடக்கும்போது, உணவு கொண்டுபோகும் பையனுக்கு நிமிடக் கணக்கு இருக்கும்போது, அவன் அதில் போவான். அமெரிக்காவிலேயே இந்தத் தடத்தைத் தற்கொலைத் தடம் என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். வண்டி அதிகமாகி, வாசல்கள் நெருங்கிய சாலைகளில் கோடு மட்டும் போட்ட நடுத்தடத்தைவிட உயர்த்திக் கட்டிய தடுப்பே பாதுகாப்பானது என்று அங்கே கண்டிருக்கிறார்கள். நாம் அந்தப் பாடத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இது. நடுத்தடம் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது. இடையிடையே உயர்த்திய திட்டு வைத்து அதை வெட்டுங்கள். எங்கே சந்து இருக்கிறதோ அங்கே நாலைந்து வண்டிகள் திரும்பக் காத்திருக்கும் நீளத்துக்குத் தடம். எங்கே பள்ளி, ரேஷன் கடை, கோயில், பஸ் நிறுத்தம் இருக்கிறதோ அங்கே திட்டு. திட்டுக்கு இரு முனையிலும் இரவில் மின்னும் பட்டை ஒட்டிய கம்பங்கள் வேண்டும். முந்த நினைப்பவனுக்கு எதிரே திட்டு தெரிந்தால் அவன் நுழைய மாட்டான். அதே திட்டு, கடக்கிறவருக்குப் பாதி வழியில் நிழல். அந்த மீன்கூடை அம்மா கோட்டின்மேல் நின்றாரே, அந்த இடத்தில் அரையடி உயரத்துக்கு ஒரு திட்டு இருந்திருந்தால் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டே நின்றிருப்பார். யாருடைய கையசைப்பையும் நம்ப வேண்டியதில்லை. கடப்பவர் ஒதுங்கி நிற்க இப்படி நடுத்திட்டு கட்டினால் நடப்பவர்கள் அடிபடும் விபத்துகள் 56 சதவீதம் வரை குறையும் என்று அதே அமெரிக்க நிர்வாகம் பதிவுசெய்திருக்கிறது.

பஸ் நிறுத்தம் பற்றி ஓட்டுநர் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஒரு திசைக்கு ஒரே தடம் என்றால் பஸ் நிற்கும்போது பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டும். அரை நிமிடம்கூடப் பொறுக்காமல் நடுத்தடத்தில் புகுந்து முந்துவார்கள். அதனால்தான் நிறுத்தத்துக்கு நேரே திட்டு கட்டாயம் வேண்டும் என்கிறேன். பஸ்ஸை ஓரமாக உள்ளே வாங்கி நிற்கக் குழிவு வெட்டித் தராதீர்கள். உள்ளே போன பஸ்ஸை யாரும் மறுபடி சாலைக்குள் விடுவதில்லை. அதனாலேயே நாங்கள் குழிவுக்குள் போகாமல் பாதிச் சாலையில் நிறுத்திப் பழகினோம். நடைபாதையைச் சாலைப் பக்கம் நீட்டி, பஸ் தன் தடத்திலேயே நின்று ஏற்றி இறக்கும்படி செய்யுங்கள். மக்கள் சாலையைக் கடக்கும் கடவையைத் தாண்டிய பிறகு நிறுத்தம் இருக்கட்டும், முன்பாக வேண்டாம். இறங்கியவர்கள் பஸ்ஸின் முதுகுப் பக்கமாகக் கடப்பார்கள். வருகிற வண்டிக்கு அவர்கள் தெரிவார்கள்.

விபத்து நடந்த இடங்களில் இதுவரை செய்துவந்த வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். ஓர் உயிர் போனால் சென்டர் மீடியன் வைத்து இடைவெளிகளை அடைத்துவிடுவார்கள். திரும்ப வேண்டியவர்கள் தூரத்துச் சந்திப்புவரை போய் யூ டர்ன் போட்டு வரவேண்டும். காரில் போகிறவருக்கு அது இரண்டு நிமிடம். மிதிவண்டியில் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அது கால் மணி நேர உழைப்பு. அவர் போகமாட்டார், எதிர்த்திசையில் ஓரமாக வருவார். இன்று எங்கள் சாலைகளில் எதிர்த்திசையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படி அடைக்கப்பட்ட இடைவெளிகளின் பிள்ளைகள். ஓர் ஆபத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடப்பவர்கள் இருக்கும் பக்கத்துக்கு, நகர்த்தியிருக்கிறோம்.

எல்லாச் சாலைக்கும் இதைக் கேட்கவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தேரடிப் பக்கம் மெட்ரோ தூண்கள் நடுவில் வரிசையாக நிற்கின்றன. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கே நடுத்தடத்துக்கு இடமில்லை. ஆனால் பௌர்ணமி அன்று வடிவுடையம்மனைப் பார்க்க வரும் கூட்டம் தூண்களுக்கிடையே நின்று கடக்க, ஒழுங்கான கடவைகள் அமைக்கலாம். எண்ணூர் விரைவுச்சாலையிலும் வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நிற்கக் காலி இடம் தேடும் சாலை அது. நடுத்தடம் வரைந்தால் அவை அங்கே நின்றுவிடும். அங்கே வேண்டியது உறுதியான நடுத்தடுப்பும், சந்திப்புகளில் மட்டும் திரும்புவதற்கெனத் தனி ஒதுக்கிடமும். நான் கேட்பது இவற்றுக்கு இடைப்பட்ட சாலைகளுக்கு: இரு பக்கமும் வீடும் கடையும் நெருங்கி, நூறடிக்கு ஒரு சந்து பிரிந்து, நடுவில் எதுவும் இல்லாமல் நான்கு தட அகலம் கொண்ட சாலைகளுக்கு. கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் மணலிப் பக்கமும் நடந்து பார்த்தால் அவை உங்களுக்கே தெரியும்.

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். இந்த இரண்டு வகையினர்தான் வடசென்னை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198அ பிரிவு, சாலை வடிவமைப்பில் விதித்த தரத்தைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால் வடிவமைத்தவரும் கட்டியவரும் பராமரிப்பவரும் பொறுப்பு என்கிறது. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஓட்டுநர் உரிமம் வைத்திருந்த எனக்கு எவ்வளவு பொறுப்பு இருந்ததோ, அளவுகோல் வைத்திருக்கும் உங்களுக்கும் அவ்வளவு இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டதில் எனக்கு ஓர் ஆறுதல்.

முதலில் கான்கிரீட் வேண்டாம். எப்படியும் கோடு போடத்தான் போகிறீர்கள். அந்தச் செலவிலேயே மூன்று தடமாகப் போடுங்கள். திட்டு வரவேண்டிய இடத்தில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளை வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு பள்ளித் திறப்பும் பார்க்கும்படி ஓராண்டு விடுங்கள். காவல் நிலையத்துக்கு வராத சிறு மோதல்களையும் சேர்த்து, முன்னும் பின்னும் எண்ணுங்கள். 108 வண்டி ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் பாருங்கள். அடைபட்ட நேரத்தில் நடுத்தடத்தின் வழியே அது போக முடிகிறதா, திட்டு வழிமறிக்கிறதா என்று தெரிந்துவிடும். கெட்டுப்போனால் கோட்டை அழித்துவிடலாம்.

முன்கணக்குக்கு உங்களுக்கு ஆள் தேவைப்பட்டால் நான் இருக்கிறேன். கடந்த சில மாதங்களாகக் காலையில் எங்கள் தெருமுனையில் உட்கார்ந்து, வலது திரும்ப எத்தனை பேர் நடுச்சாலையில் நிற்கிறார்கள், எத்தனை முறை பின்னால் வருகிறவர்கள் ஒடிக்கிறார்கள், கடக்க வருகிறவர்கள் எவ்வளவு நேரம் கோட்டின்மேல் நிற்கிறார்கள் என்று ஒரு பள்ளி நோட்டில் குறித்து வருகிறேன். அதை அப்படியே தருகிறேன். காலை எட்டரைக்கு வாருங்கள். பள்ளி தொடங்கும் நேரம் அது. வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்துக்கு ஒருமுறை என்னோடு கடந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர்,
கொடுங்கையூர்